நகலில் திருத்தினால் மூலம் மாறுமா? விக்கிப்பீடியா ‘மிரர்’ தளங்களில் ‘தொகு’ பொத்தான் இல்லாதது ஏன்?

தளியில் ஒரு பள்ளி மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓசூருக்குத் தெற்கே, எல்லையைத் தாண்டினால் ஆனேக்கல் என்கிற தூரத்தில் இருக்கும் ஊர். குளிருக்காக ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயரெடுத்த ஊர். பள்ளிக் கணினியில் இணையம் கிடையாது. யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து போட்ட விக்கிப்பீடியா நகல் மட்டும் இருக்கிறது. அதில் ‘ஓசூர்’ என்று தேடுகிறார். ‘நகராட்சி’ என்று வருகிறது.

ஓசூர் 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. அந்த நகல் அதற்கு முன்பே எடுக்கப்பட்டது. “தப்பா இருக்கே, மாத்திடலாம்” என்று ‘தொகு’ பொத்தானைத் தேடுகிறார். பக்கம் முழுக்கத் தேடியும் அந்தப் பொத்தான் இல்லை.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதுதானே விக்கிப்பீடியாவின் அடிப்படை? அப்படியானால் அதன் நகலை வைத்திருப்பவர் ஏன் திருத்த முடியாது? சின்னக் கேள்விதான். ஆனால் பதில் தேடிப் போனால் சர்வர், ஐபி முகவரி, பாஸ்வேர்டு, உரிமம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

மிரர் தளம் என்றால் என்ன?

விக்கிப்பீடியாவில் உள்ள எழுத்தை யாரும் நகலெடுத்து வெளியிடலாம். எழுதியவர்களுக்கு உரிய பெயர்க் குறிப்பும், அதே உரிமமும் இருந்தால் போதும். இதற்காகவே விக்கிமீடியா அறக்கட்டளை ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவின் முழுத் தரவையும் குறிப்பிட்ட இடைவெளியில் தரவிறக்கக் கோப்புகளாக வெளியிடுகிறது. 2003-ல் தொடங்கி, 2017 மே மாதம் 1 லட்சம் கட்டுரைகளைத் தொட்ட தமிழ் விக்கிப்பீடியாவும் இதில் அடக்கம்.

அந்தக் கோப்பை எடுத்து வேறொரு சர்வரில் ஏற்றினால் அது ‘மிரர்’, அதாவது நகல் தளம். சில நகல்கள் விளம்பர வருமானத்துக்காக நடத்தப்படுபவை. சில நல்ல நோக்கம் கொண்டவை. 2007-ல் தொடங்கிய ‘கிவிக்ஸ்’ இரண்டாவது வகை. முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாகச் சுருக்கி, இணையம் இல்லாத போனிலும், ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினியிலும் படிக்க வைக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் இந்தக் கோப்பு உண்டு.

இந்த நகல்களில் எல்லாம் படிக்கலாம், எழுத முடியாது.

பட்டா நகல் மாதிரிதான்

நம் ஊரில் எளிதாகப் புரிகிற உதாரணம் பட்டா. இணையத்தில் பட்டா நகலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நூறு பிரிண்ட் போட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த பிரிண்டில் பேனாவால் பெயரை மாற்றி எழுதினால் நிலம் கைமாறிவிடுமா? மாற்றம் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் நடக்க வேண்டும். அங்கே மாறினால், அடுத்த முறை எடுக்கும் நகலில் தானாக மாறி வரும்.

சரி, நகலில் எழுதியதை அப்படியே மூலத்துக்கு அனுப்பிவிடும்படி மிரர் தளத்தை அமைத்தால் என்ன? நடைமுறையில் முயன்று பார்த்தால் வரிசையாகச் சிக்கல்கள் முளைக்கின்றன.

சிக்கல் 1: எந்தப் பதிப்பைத் திருத்துகிறோம்?

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி எண் உண்டு. ஒருவர் ‘தொகு’ அழுத்தும்போது, அவர் எந்தப் பதிப்பைப் பார்த்துத் தொகுக்கத் தொடங்கினார் என்பதை மென்பொருள் குறித்துக்கொள்கிறது. அவர் சேமிப்பதற்குள் வேறொருவர் அதே பக்கத்தை மாற்றியிருந்தால், மூன்று பதிப்புகளை ஒப்பிடுகிறது: இருவரும் தொடங்கிய பழைய பதிப்பு, முதல் ஆளின் மாற்றம், இரண்டாம் ஆளின் மாற்றம். இருவரும் வெவ்வேறு வரிகளைத் தொட்டிருந்தால் தானே இணைத்துவிடும். ஒரே வரியைத் தொட்டிருந்தால் ‘தொகுத்தல் முரண்பாடு’ என்று சொல்லி, முடிவை மனிதரிடம் விட்டுவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விக்கி உரையில் ஒரு பத்தி முழுவதும் பெரும்பாலும் ஒரே வரியாகத்தான் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரே பத்தியில் இருவர் வெவ்வேறு சொற்களை மாற்றினாலும் முரண்பாடுதான்.

மூலத் தளத்தில் இந்த இடைவெளி சில நிமிடங்கள். நகல் தளத்தில் சில வாரங்கள், சில நேரம் சில ஆண்டுகள். உதாரணமாக, நகல் எடுத்தபோது ஓசூர் கட்டுரை 100-வது பதிப்பில் இருந்தது, இப்போது மூலத்தில் 140-வது பதிப்பு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவி 100-வது பதிப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்புகிறார். மிரர் தளம் அந்தப் பக்கத்தை அப்படியே மூலத்தில் ஏற்றிவிட்டால், இடையில் 40 பேர் செய்த திருத்தங்கள் ஒரே நொடியில் அழிந்துபோகும். ஒரு தவறைத் திருத்தப்போய் 40 பழைய தவறுகளைத் திரும்பக் கொண்டுவந்தது மாதிரி. அதிலும் ‘மாநகராட்சி’ என்ற திருத்தத்தை மூலத்தில் யாரோ ஏற்கெனவே செய்திருப்பார்கள்.

தளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9-ம் தேதிதான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட எந்தக் குறிப்பிலும் தளி, தர்மபுரி மாவட்டம்தான். பழைய தகவல் பொய் அல்ல, ஒரு காலத்தின் உண்மை. எது எந்தத் தேதியின் உண்மை என்பதைக் கணக்கு வைக்காமல் இரு பிரதிகளைக் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சிக்கல் 2: இட்லியை மாவாக்க முடியுமா?

விக்கிப்பீடியா கட்டுரை சர்வரில் இருப்பது ஒரு வடிவம், நாம் திரையில் பார்ப்பது வேறு வடிவம். உள்ளே இருப்பது ‘விக்கி உரை’. அதில் சதுர அடைப்புக்குறி போட்டால் இணைப்பு. இரட்டை நெளிவு அடைப்புக்குறி போட்டால் ‘வார்ப்புரு’. ஊரைப் பற்றிய கட்டுரையின் ஓரத்தில் மாவட்டம், மக்கள்தொகை, பின்கோடு என்று ஒரு பெட்டி வருகிறதே, அது வார்ப்புரு வழியாக வருவது. அந்தப் பெட்டியின் அமைப்பு வேறொரு பக்கத்தில் இருக்கும்.

பல நகல் தளங்கள் வைத்திருப்பது விக்கி உரையை அல்ல, வெந்து முடிந்த பக்கத்தை. மாவு இல்லை, இட்லி மட்டும்தான் இருக்கிறது. பெட்டியில் தெரியும் ஒரு எண்ணை நகலில் மாற்றினால், மூலத்தில் எதை மாற்ற வேண்டும்? கட்டுரையையா, வார்ப்புருவையா, வார்ப்புரு தகவல் எடுக்கும் வேறொரு தரவுத்தளத்தையா? வெந்த பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதை விக்கிமீடியாவே நேரடியாக எதிர்கொண்டது. வேர்டில் தட்டச்சு செய்வது போலத் தொகுக்க உதவும் ‘விஷுவல் எடிட்டர்’ கருவிக்காக ‘பார்சாய்டு’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். திரையில் தெரியும் பக்கத்தை மறுபடி விக்கி உரையாக மாற்றுவது அதன் வேலை. பயனர் ஒரு சொல்லை மாற்றினால், தொடாத பகுதிகளில் ஒரு இடைவெளிகூட மாறாமல் சேமிக்க வேண்டும். இதற்காகப் பக்கத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூலம் எது என்ற குறிப்பை உள்ளே மறைத்து வைக்கிறார்கள். சொந்த வீட்டிலேயே இவ்வளவு வேலை. அந்தக் குறிப்புகளை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் பக்கத்தை வைத்திருக்கும் நகல் தளம் என்ன செய்யும்?

சிக்கல் 3: எழுதியது யாரு?

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம். அதனால் விஷமம் செய்பவரும் எழுதலாம். அவரைத் தடுக்க வேண்டுமானால் அவர் யார் என்று தெரிய வேண்டும். கணக்கு இல்லாமல் எழுதுபவரை அடையாளம் காண உள்ளுக்குள் பயன்படுவது அவரது ஐபி முகவரி.

மிரர் தளம் வழியாக ஆயிரம் பேர் எழுதினால், மூல சர்வருக்குத் தெரிவது ஒரே ஒரு முகவரி, அதாவது மிரர் தளத்தின் முகவரி. ஒருவர் விஷமம் செய்தால் மீதி 999 பேரையும் சேர்த்துத்தான் தடுக்க வேண்டியிருக்கும். இணையத்தில் இப்படி அடையாளத்தை மறைக்கும் வழிகளுக்குத் ‘திறந்த பிராக்ஸி’ என்று பெயர். விக்கிப்பீடியா பொதுவாகவே இவற்றைத் தடை செய்கிறது.

இது கற்பனை அச்சம் அல்ல. 2007 புத்தாண்டு சமயத்தில் கத்தார் நாட்டில் இது நடந்தது. அப்போது அந்த நாட்டின் இணையப் போக்குவரத்து ஒரே ஐபி முகவரி வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்த முகவரியிலிருந்து விஷமத் திருத்தங்கள் வந்ததால் ஆங்கில விக்கிப்பீடியா நிர்வாகி அதைத் தடுத்தார். கணக்கு இல்லாத பயனர்கள் நாடு முழுக்கவே எழுத முடியாமல் போனது. விஷயம் தெரிந்ததும் தடை சீக்கிரமே நீக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டனில் இன்னொரு விதமாக நடந்தது. இணையக் கண்காணிப்பு அமைப்பான ‘இன்டர்நெட் வாட்ச் பவுண்டேஷன்’ ஒரு இசைத்தொகுப்பின் அட்டைப் படம் இருந்த விக்கிப்பீடியா பக்கத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பக்கத்தை வடிகட்டுவதற்காக, இணைய நிறுவனங்கள் விக்கிப்பீடியாவுக்குப் போகும் மொத்தப் போக்குவரத்தையும் சில பிராக்ஸி சர்வர்கள் வழியாகத் திருப்பின. விளைவாக, பிரிட்டனின் பெரும்பகுதிப் பயனர்கள் ஒருசில முகவரிகளாகத் தெரிந்தார்கள். கணக்கில்லாமல் யாரும் எழுத முடியவில்லை. சில நாட்களில் அந்த அமைப்பு பட்டியலிலிருந்து பக்கத்தை நீக்கிய பிறகுதான் நிலைமை சரியானது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். கல்லூரியில் விக்கிப்பீடியா பயிற்சிப் பட்டறை நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும். எல்லோரும் ஒரே வைஃபையில் இருப்பார்கள். ஒரு ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு 6 புதிய கணக்குகள்தான் தொடங்க முடியும் என்பது விதி. ஏழாவது மாணவருக்கு ‘முடியாது’ என்று வந்துவிடும். முன்கூட்டியே விண்ணப்பித்து வரம்பைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். சிப்காட் தொழிலாளர் விடுதியில் ஒரே இணைப்பைப் பகிர்பவர்களுக்கும், ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தரும் மொபைல் நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. இடைத்தரகு சர்வர், “இவர் என் வழியாக வருகிறார், இவருடைய உண்மையான முகவரி இது” என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பலாம். ஆனால் அந்தக் குறிப்பில் பொய்யான முகவரியையும் எழுத முடியும். அதனால் நம்பகமானவை என்று பட்டியலிடப்பட்ட சர்வர்களின் குறிப்பை மட்டுமே விக்கிப்பீடியா ஏற்கிறது. முகம் தெரியாத மிரர் தளத்துக்கு அந்தப் பட்டியலில் எளிதில் இடம் கிடைக்காது.

சிக்கல் 4: பாஸ்வேர்டை எங்கே போடுவது?

“கணக்கு வைத்து எழுதினால் ஐபி பிரச்சினை தீர்ந்துவிடுமே?” என்று தோன்றலாம். அங்கே இன்னொரு ஆபத்து. மிரர் தளத்தில் உங்கள் விக்கிப்பீடியா பாஸ்வேர்டைத் தட்டினால், அந்தத் தளத்தின் உரிமையாளர் கையில் சாவியைக் கொடுத்ததாக அர்த்தம். வங்கி பாஸ்வேர்டை வங்கியின் தளத்தில் மட்டும்தானே போடுகிறோம்?

மிரர் தளம் உங்கள் பிரவுசர் மூலமாகவே மறைமுகமாகத் திருத்தத்தை அனுப்பவும் முடியாது. ஒவ்வொரு தொகுத்தல் படிவத்துடனும் விக்கிப்பீடியா ஒரு ரகசியக் குறியீட்டை இணைக்கிறது. அது திரும்பி வராவிட்டால் திருத்தம் ஏற்கப்படாது. வேறொரு தளம் உங்கள் பெயரில் உங்களுக்கே தெரியாமல் எழுதிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது.

நேர்மையான வழி ‘ஓஆத்’. ‘கூகுள் கணக்கு வழியாக உள்நுழைக’ என்று பல செயலிகளில் பார்க்கிறோமே, அதே முறை. பாஸ்வேர்டை விக்கிமீடியாவின் சொந்தப் பக்கத்தில் போடுவீர்கள். வெளிக் கருவிக்குக் கிடைப்பது குறிப்பிட்ட வேலைகளுக்கான அனுமதி மட்டும், அதையும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். 2013 முதல் விக்கிமீடியாவில் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இதற்கு இணைய இணைப்பு வேண்டும். இணைப்பு இருந்தால் நேராக மூலத்துக்கே போய்விடலாமே!

விக்கிமீடியாவே ஒரு இடத்தில்தான் எழுதுகிறது

இதில் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. விக்கிமீடியாவுக்கு உலகின் பல இடங்களில் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. ஆசிய வாசகர்களுக்காக 2018-ல் சிங்கப்பூரில் ஒன்று செயல்படத் தொடங்கியது. ஆனால் அது வாசிப்பதற்கான தற்காலிகச் சேமிப்பு மையம். பக்கங்கள் அங்கிருந்து வேகமாக வரும். எழுதுவது மட்டும் கடல் தாண்டி அமெரிக்கா போகும்.

அமெரிக்காவிலும் வர்ஜீனியா, டெக்சஸ் என்று இரண்டு முதன்மை மையங்கள். 2022 முதல் வாசிப்புக் கோரிக்கைகளை இரண்டும் சேர்ந்து கவனிக்கின்றன. எழுதும் வேலை மட்டும் ஒரு நேரத்தில் ஒரே மையத்தில்தான். ஆண்டுக்கு இரண்டு முறை இந்தப் பொறுப்பை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அந்தச் சில நிமிடங்கள் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களிலும் யாரும் எழுத முடியாது, வாசிக்க மட்டும் செய்யலாம்.

தன் சொந்த சர்வர்களுக்குள்ளேயே இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் எழுத விடாதவர்கள், முகம் தெரியாத நகல் தளங்களை எழுத விடுவார்களா?

இதற்குப் பின்னால் கணினி அறிவியலின் ஒரு விதி இருக்கிறது. 2000-ல் எரிக் புரூவர் முன்வைத்து, 2002-ல் கில்பர்ட், லிஞ்ச் ஆகிய இருவர் நிரூபித்தது. எளிமையாகச் சொன்னால்: இரண்டு இடங்களுக்கு இடையே தொடர்பு அறுந்துவிட்டால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஒன்று, “இப்போ எழுத முடியாது” என்று சொல்வது. அல்லது எழுத விட்டுவிட்டு, இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக இருப்பதை ஏற்றுக்கொண்டு பிறகு சரிசெய்வது. இணையம் இல்லாத தளிப் பள்ளிக் கணினி என்பது தொடர்பு நிரந்தரமாக அறுந்த நிலை. விக்கிப்பீடியா முதல் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

தனித்தனியே எழுதினால்?

இரண்டாவது வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 2002 பிப்ரவரியில் ஸ்பானிய விக்கிப்பீடியாவில் எழுதிக்கொண்டிருந்த பலர் பிரிந்து போனார்கள். விளம்பரம் வந்துவிடுமோ என்ற கவலை முக்கியக் காரணம். அதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு, செவில் பல்கலைக்கழக சர்வரில் ‘என்சிக்ளோபீடியா லிப்ரே’ என்ற தளத்தைத் தொடங்கினார்கள். உரிமம் அதை அனுமதித்தது. இரண்டு தளங்களும் தனித்தனியே வளர்ந்தன, திரும்ப ஒன்றாகவில்லை. நகலில் எழுதத் தொடங்கினால் அது நகலாக இருக்காது, இன்னொரு மூலம் ஆகிவிடும்.

“மென்பொருள் எழுதுபவர்கள் ‘கிட்’ பயன்படுத்தி ஆளுக்கொரு நகலில் எழுதி இணைக்கிறார்களே?” என்று ஓசூர் - பெங்களூரு பஸ்ஸில் தினமும் போய் வரும் ஐடி ஊழியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறுப்பாளர் இருக்கிறார். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அவர் முடிவெடுப்பார். விக்கிப்பீடியாவில் அப்படிக் கட்டுரைக்கு ஒரு பொறுப்பாளர் கிடையாது. முரண்பாடுகளைத் தீர்ப்பவர்கள் ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் தன்னார்வலர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அவர்களின் எண்ணிக்கை இன்னும் குறைவு. நகல்களிலிருந்து பழைய திருத்தங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால் யார் உட்கார்ந்து பிரிப்பது?

அப்போ வழியே இல்லையா?

இருக்கிறது. மிக எளிய வழி, நகல் தளம் ஒவ்வொரு பக்கத்திலும் மூலப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது. கூடவே ‘இது இந்தத் தேதியில் எடுத்த நகல்’ என்று சொல்வது. இந்த இரண்டு வரிகளே முக்கால்வாசிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

இன்னொன்று, நகலிலிருந்து வருவதைத் திருத்தமாக எடுத்துக்கொள்ளாமல் ‘ஆலோசனை’யாக எடுத்துக்கொள்வது. மாணவி நகலில் குறித்து வைப்பதைச் சேமித்து, இணையம் கிடைக்கும் நாளில் ஆசிரியர் மூலத்தோடு ஒப்பிட்டு, தேவையானதை மட்டும் தன் கணக்கில் சேர்க்கலாம். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் 2008 முதல் புதியவர்களின் திருத்தங்கள் அனுபவமுள்ள ஒருவர் பார்த்த பிறகே வாசகர்களுக்குக் காட்டப்படுகின்றன. காத்திருந்து சரிபார்க்கும் முறை புதிதல்ல.

மூன்றாவது, தகவலையே ஓரிடத்தில் வைப்பது. 2012-ல் தொடங்கிய ‘விக்கித்தரவு’ அப்படிப்பட்டது. ஓர் ஊரின் மாவட்டம், மக்கள்தொகை போன்றவற்றை அங்கே ஒருமுறை மாற்றினால், அதிலிருந்து தகவல் எடுக்கும் எல்லா மொழிப் பக்கங்களிலும் மாறும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் தளி போன்ற எல்லைப் பகுதிக்கு இதன் அருமை நன்றாகவே புரியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் தவறாக ஏதாவது படித்தால், முதலில் முகவரியைப் பாருங்கள். பக்கத்தில் ‘தொகு’, ‘வரலாறு’ இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது நகலாக இருக்கலாம். மூலத்துக்குப் போய், தவறு இன்னும் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத் திருத்துங்கள். அரசாணையோ, செய்தியோ ஆதாரமாக இருந்தால் சேர்த்துவிடுங்கள். மூலத்தில் போட்ட ஒரு திருத்தம், அடுத்த சுற்றில் எடுக்கப்படும் நகல்களுக்கும் போய்ச் சேரும்.

இன்று தேடுபொறியின் பெட்டியிலும் செயற்கை நுண்ணறிவின் பதிலிலும் விக்கிப்பீடியாவின் தகவல்தான் பல நேரம் வருகிறது. ஒருவகையில் அவையும் நகல்கள்தான். தேதியும் இருக்காது, ‘தொகு’ பொத்தானும் இருக்காது. படிக்கிற இடங்கள் பெருகப் பெருக, திருத்துகிற அந்த ஒரே இடத்துக்கு வருகிற ஆட்கள் குறைந்துவிடக் கூடாது. தளியைப் பற்றித் தளிக்காரருக்குத் தெரிந்தது, வர்ஜீனியாவில் இருக்கும் சர்வருக்குத் தானாகத் தெரிந்துவிடாது. யாராவது போய்ச் சொன்னால்தான் உண்டு.